தாமிரத் தட்டில் ஒரு பொட்டு

திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் நாலு கெல்வின், இப்போது நூற்றுப்பத்து. முந்நூறுக்குப் பக்கத்தில், அதாவது அறைச் சூட்டுக்கு, வந்தால்தான் குளிர்கலனைத் திறக்க முடியும், அதற்கு நாளை மதியம் ஆகிவிடும். திறந்தால் நான் வைத்த பொட்டு தெரிந்துவிடும். பயம் வர வேண்டிய இடம்தான். வரவில்லை. கேன்டீன் உப்பிட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி எண்ணைப் பார்த்தேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் மூன்றாவது மாடியில் எங்கள் கம்பெனி. கூரையிலிருந்து தொங்கும் ஒரு பெரிய உருளை, அதுதான் குளிர்கலன்; அதன் அடியில் நகத்தைவிடச் சின்ன குவாண்டம் சில்லு. நாளைக்குப் பாலமும் விமானமும் பேட்டரியும் இதில்தான் கணக்குப் போடப்படும் என்று கிஷோர், அதாவது எங்கள் முதலாளி, வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வான். ஆனால் நிலவரம் வேறு, சில்லு தனக்குச் சொன்னதைத் தொண்ணூறு மைக்ரோ விநாடிவரைதான் மறக்காமல் வைத்திருந்தது. ஆயுத பூஜைக்குப் பிறகு அது இருபதாகிவிட்டது. மறதியில் என்னை மிஞ்சிவிட்டது.

பூஜையன்று எல்லாரும் உருளைக்கு வெளியே சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். எனக்கு அது ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. மெஷின் உள்ளே அல்லவா இருக்கிறது? கலனை மூடுவதற்குமுன் டெக்னீஷியன் டெஸ்மண்ட் திருகாணி எடுக்கத் திரும்பிய நேரத்தில், சில்லுக்கு ஒரு விரல் தள்ளி, தாமிரத் தட்டில் ஒரு பொட்டு வைத்தேன். கடைக் குங்குமத்தில் என்ன சாயம் கலக்கிறார்களோ! அதில் இரும்பு இருந்தால் சில்லுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். அதைப் படித்துத்தான் பிஎச்டி வாங்கினேன். அந்த நிமிஷம் அதெல்லாம் எங்கே போயிற்றோ.

பழி டெஸ்மண்ட் தலையில் விழுந்தது. விவேக் நகர்க்காரர், இருபது வருஷம் ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரஸர் பார்த்தவர். கலனைத் திறக்கிற நாளில் தலைக்கு எண்ணெய்கூட வைக்க மாட்டார். "கை சுத்தமில்ல. இந்த மாசத்தோட போதும்," என்றான் கிஷோர். நானும் அதே அறையில்தான் இருந்தேன். சொல்லியிருக்கலாம். குவாண்டம் இன்ஜினியர் மெஷினுக்குள் குங்குமம் வைத்தாள் என்று ஊரே சிரிக்கும். நோட்டைப் பார்த்தபடி இருந்துவிட்டேன். அன்று மாலை வழக்கம்போல கேப் பிடித்தேன், வழக்கம்போலத் தூங்கினேன். அதுதான் எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் மதியம் எண் முந்நூறை நெருங்கியதும் டெஸ்மண்ட் கலனின் உறைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். நான் கீழே தாங்கிப் பிடித்தேன். கடைசி உறையும் இறங்கியது. பொட்டு அப்படியே இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்து. அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். அப்புறம் என் நெற்றியைப் பார்த்தார்.

"நாங்க வேதக்காரங்க மேடம்," என்றார். "எங்க வீட்ல இது கெடையாது. சாருக்கும் அது தெரியும்."

"தெரியும்ணா."

"சாரைக் கூப்டட்டுமா?"

கதவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் துடைக்கும் தாளை ஸ்பிரிட்டில் நனைத்து என்னிடம் நீட்டினார்.

"நான் தொடைச்சா, நான் பண்ண அழுக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நீங்களே தொடைங்க. இல்ல, அப்பிடியே வுடுங்க."

துடைத்தேன். இரண்டே இழுப்பில் தாமிரம் பளிச்சென்று ஆகிவிட்டது. தாளைக் கைக்குள் மடக்கிக்கொண்டேன். டெஸ்மண்ட் முதுகைக் காட்டிக்கொண்டு மேஜைப் பக்கம் போய்விட்டார்.

கதவு திறந்தது. கிஷோர் காலணிக்கு உறை மாட்டிக்கொண்டே உள்ளே வந்தான்.

"என்ன வித்யா, ஏதாவது இருந்துச்சா?"

அவன் தட்டைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தான். ஈரத் தாளிலிருந்து சிவப்பு ஊறி வெள்ளைக் கையுறையின் விரலிடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. டெஸ்மண்ட் திரும்பாமல் திருகாணிகளைக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்.