ஹோரோமோனாவுக்காக ஒரு சண்டை

கிஸ்போர்ன் ஆஸ்பத்திரியிலிருந்து ஹோரோமோனாவை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போதே எருவேரா சித்தப்பா சண்டைக்குத் தயாராகிவிட்டார். வேனை ஓட்டியபடி தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நான் பின்னால், என் கணவர் ஹோரோமோனாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இறந்தவரைத் தனியே விடுவது எங்கள் வழக்கமில்லை.

"என்ன சித்தப்பா, ஜெபமா?"

"ஜெபமாவது ஒண்ணாவது! உன் புருஷன் ஊர்க்காரங்க கேக்கப்போறதுக்குப் பதில் தயார் பண்றேன். எங்க பையனை இங்கேயே புதைக்கணும்னு கத்துவாங்க. நானும் கத்துவேன். ஒரு ஆளோட உடம்புக்கு ரெண்டு ஊரும் அடிச்சுக்கலேன்னா, அவன் வாழ்ந்ததுக்கு என்ன மரியாதை, பிரிஹிரா?"

"தோத்துட மாட்டீங்களே?"

"நானா? உங்க சித்தியைத் தவிர யார்கிட்டயும் தோத்ததில்லே."

சிரித்தேன். அழுகையும் கூடவே வந்துவிட்டது.

என் ஊரான தே காஹாவில், எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் இடுகாட்டு மேட்டில், எனக்குப் பக்கத்தில்தான் படுப்பேன் என்று என் கணவர் வாக்குக் கொடுத்திருந்தார். அங்கே போகும் வழியில்தான் அவர் பிறந்த ஊர். நிறுத்தாமல் போக முடியாது. நிறுத்தினால் அவரை வைத்துக்கொண்டுவிடுவார்களோ என்று எனக்கு உள்ளூர நடுக்கம்.

மழையில் மண் சரிந்து பல இடங்களில் பாதிப் பாதைதான் மிச்சம். மரலாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனோம். போஹுதுகாவாப் பூக்கள் ஈரத் தாரில் சிவப்பாக ஒட்டிக் கிடந்தன.

"கடல் வெள்ளை வெள்ளையா நுரைக்குதுங்க. இன்னிக்குப் படகு இறக்கியிருக்க மாட்டீங்க" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னேன்.

நிலத் தகராறில் அவருடைய அண்ணன் ஹாமியோரா, "இனிமே இந்த வாசலை மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட வருடம் அது. அதன்பின் எத்தனையோ முறை இந்தச் சாலையில் போயிருக்கிறோம். அந்த ஊர் வந்தால் மட்டும் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு நேரே பார்த்து ஓட்டுவார்.

இப்போது அந்த ஊர் வாசலில் கறுப்புடையும் தலையில் இலை வளையமுமாக அத்தைமார் நின்று, அழுகுரலில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். ஊரார் கூடும் சபை வீட்டின் முகப்பில் பெட்டியை இறக்கித் திறந்து வைத்தோம். நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். துக்கக்காரி அங்கே வாய் திறக்கக் கூடாது. எனக்காகப் பேசத்தான் சித்தப்பா.

ஹாமியோரா கைத்தடியுடன் எழுந்தார். மெலிந்துபோயிருந்தார்.

"போய் வா தம்பி. அம்மா அப்பா காத்திருக்காங்க, போ. உன் பொண்டாட்டி ஊர்ல நிம்மதியாத் தூங்கு."

உட்கார்ந்துவிட்டார். அடுத்து யாரும் எழவில்லை. பதில் சொல்ல எழுந்த சித்தப்பா, எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

அப்பாடா என்றுதான் முதலில் இருந்தது. பிறகு பெட்டிக்குள் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். பிறந்த ஊரில் அவரைக் கேட்க ஒரு குரல் இல்லை. தாங்க முடியாமல் எழுந்துவிட்டேன்.

"அவ்வளவுதானா அத்தான்?"

அத்தைமார் திடுக்கிட்டார்கள். ஒருத்தி என் தோளை அழுத்தினாள். நான் உட்காரவில்லை.

"தெரு நாயை அனுப்புற மாதிரி அனுப்புறீங்க! வலையில மீன் நிறைஞ்சா 'அண்ணன் பார்த்தா வாயைப் பொளப்பான்'னு சொல்லாம இருக்க மாட்டாரு இந்த மனுஷன். என்கிட்ட இவரைக் கேளுங்க. சண்டை போட்டுக் கேளுங்க!"

ஹாமியோரா தலை குனிந்தார். "வராதேன்னு சொன்னவன் நான்தானேம்மா. எந்த வாயால கேப்பேன்?"

"அதே வாயால கேளுங்க."

அவர் எழுந்தார். கைத்தடியால் தரையைக் குத்திக்கொண்டு கத்தினார். "இவன் எங்க அம்மாவோட கடைசிப் பிள்ளை! அவ காலடியில இடம் வச்சிருக்கேன். எங்கேயும் விடமாட்டேன்!" பின்னால் ஒருவர் எழுந்தார், இன்னொருவர் எழுந்தார். சித்தப்பா உற்சாகமாகிவிட்டார்.

"இத்தனை வருஷமா எங்க சோத்தைத் தின்னவன்யா!"

"சோறா போட்டீங்க? எங்க ஊர்க் கல்யாணத்துக்கு வந்து, கடல்ல முங்கி எடுத்த கினா ஒரு மூட்டையைத் தனியா முழுங்கின ஆளுதானே நீ!"

கூட்டம் சிரித்தது, அழுதது. சாப்பாடு ஆறிப்போகும் வரை ஓயவில்லை. சித்தப்பாதான் ஜெயித்துக்கொண்டிருந்தார். எங்களிடம் ஹோரோமோனாவின் வாக்கு இருந்தது.

ஹாமியோரா வாதத்தை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் குனிந்து, தம்பியின் நெற்றியில் நெற்றி வைத்து அழுதார். தலையை எடுக்கவேயில்லை. நான் அந்த நரைத்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குடுத்துடுங்க, சித்தப்பா."

"பிரிஹிரா... யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சா மனசு வராது."

அவரை அவருடைய அம்மாவின் காலடியில் அடக்கம் செய்தோம். தே காஹாவில் குழி வெட்டப் போனவர்களைத் திரும்பச் சொல்லிப் போன் செய்தேன். என் தம்பி "சரிக்கா" என்றான்.

வேனின் பின்பக்கம் காலியாக, கடல் முனையைச் சுற்றி வீடு வந்தோம். சாயங்காலம் பாதிரியாரும் ஊர்ப் பெண்களும் வாசலில் காத்திருந்தார்கள். ஜெபம் பாடிக்கொண்டே அறை அறையாக மிதித்து நடந்து, போனவரின் ஆவியை வீட்டிலிருந்து வழியனுப்ப வேண்டும். உள்ளே கதவோரம் அவருடைய ரப்பர் பூட்ஸ் கிடந்தது.

"இன்னிக்கு வேண்டாம், ஃபாதர்" என்றேன். "இன்னிக்கு ஒரு ராத்திரி அவர் இங்கே இருக்கட்டும்."

பாதிரியார் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா அவர் கையைப் பிடித்து வாசலிலிருந்து மெல்லத் திருப்பினார்.

"எங்க வீட்டுல டீ குடிச்சிட்டுப் போங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.