சாலையைக் கடந்த கொய்யா மரங்கள்

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாப்பிள்ளையூரணி தங்கதுரையின் கொய்யா மரங்கள் அத்தனையும் வேரைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து, எதிரே இருந்த அவர் மச்சினன் முத்துச்செல்வத்தின் காலி நிலத்தில் போய் நின்றுகொண்டன. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் கடைசி மரம் கடக்கும்வரை காத்திருந்தன. ஒரே ஒரு டிரைவர் ஆரன் அடித்தார். வெளியூர்க்காரர்.

எல்லாம் அடர் நடவால் வந்தது. ஒரு மரம் நிற்கிற இடத்தில் நாலை நெருக்கி நட்டால் வருஷந்தோறும் கவாத்து செய்தே ஆகவேண்டும். வெட்டினால்தான் உள்ளே வெயில் விழும், புதுத் தளிர் வரும், கொய்யா அந்தத் தளிரில்தான் பூக்கும். பயிற்சி முகாமில் இதற்கெல்லாம் தலையாட்டிய தங்கதுரைக்குக் கத்தரியை எடுக்க மனசு வரவில்லை. கன்றிலிருந்து தண்ணீர் விட்டு வளர்த்தவர். அந்தப் பக்கத்து வழக்கம் வேறு இருந்தது: கிளையை வெட்டுமுன் யார் வெட்டச் சொன்னது என்று மரத்திடம் சொல்லிவிட வேண்டும், சொல்லாதவன் கை வீங்கும். அதனால் மச்சினனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, ஒம் பேரச் சொல்லு, இல்லன்னா கவர்மெண்டு மேல போடு. எம் பேரு மட்டும் வரப்படாது."

"நா எதுக்கு அத்தான் சொல்லப்போறேன்?" என்று அவர் தலையில் அடித்தே சத்தியம் செய்தான் முத்துச்செல்வம். வெட்டுகிற சத்தம் காதில் விழாதிருக்க, தங்கதுரை ஒவ்வொரு கவாத்துக்கும் திருச்செந்தூர் போய்விடுவார்.

இரண்டாம் வருஷமே மரங்கள் அவருக்கு முதுகைக் காட்டின. மரத்துக்கு ஏது முதுகு என்று கேட்பவர்கள் அந்தத் தோட்டத்துக்குள் போனதில்லை. மூன்றாம் வருஷம் மரங்கள் கிளம்பிய பிறகுதான் டீக்கடையில் வைத்து முத்துச்செல்வமே சிரித்துக்கொண்டு சொன்னான், ஒவ்வொரு மரத்திடமும் அவன் சொன்னது இதுதானாம்: "வெட்டச் சொன்னது தங்கதுரை அத்தான். நாந்தான் பாவம் பாத்துக் கொறைச்சு வெட்டுதேன்."

தங்கதுரைக்கு மரங்கள் திரும்பி வந்தால் போதும். எதிர்நிலத்து வேலியைப் பிடித்துக்கொண்டு, "ஏளா, தண்ணி விட்டது யாரு? அவனா?" என்று கேட்டார். வரிசை மொத்தமும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மரமாப் பாத்து எடுத்த முடிவு அத்தான். நா என்ன செய்ய?" என்றான் முத்துச்செல்வம்.

வீட்டுக்கு வந்தால் மனைவி முருகேஸ்வரி, தம்பி கொடுத்தனுப்பிய கொய்யாவை மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். "பழம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அவருக்கும் ஒரு துண்டு நீட்டினாள். நல்ல இனிப்பு. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மரங்கள் வரவே இல்லை. ஆனால் மூன்று வருஷமாக வெட்டப்பட்ட கிளைகளின் நிழல் தங்கதுரையின் வெறும் நிலத்தில் அப்படியே கிடந்தது. வேர் இல்லாததால் நிழலால் நடந்து போக முடியவில்லை. லாரிக்காரர்கள் வண்டியை அங்கே ஓரங்கட்டிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். மதியத்தில் தங்கதுரையும் துண்டை விரித்துப் படுக்கிறார். முருகேஸ்வரிக்கு ஒரே குறை, அங்கே துணி காய்வதில்லை. கொடியை மொட்டைமாடிக்கு மாற்றிக் கட்டிவிட்டாள்.