இரண்டு பிரதியிலும் ஒரே பதில்

எக்ஸ்ரேக்காரர் லிஃப்டில் வைத்துத்தான் கேட்டார். "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "நாலாவது மாடி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அன்றிலிருந்து மனிதர் படிக்கட்டில்தான் ஏறுகிறார்.

தனக்கு வாயால் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை புத்தகக் கடைக்குப் போய், அவருக்குப் பிடித்த ஆழ்கடல் மீன்களைப் பற்றிய தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்தாள். இன்னொரு பிரதி வாங்கினால் அதை ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கடையே கொடுத்துவிடுமாம். மனசு பொங்கிக்கொண்டிருந்த நேரம், அதையும் வாங்கினாள். கடை மேசையிலேயே பேனாவைத் திறந்து எழுதினாள்:

'எக்ஸ்ரே சார், லிஃப்டில் கேட்டீர்களே, அதற்குச் சம்மதம். இனிமேல் படிக்கட்டு வேண்டாம். நாலாவது மாடி.'

ஒன்றைக் கடையிலிருந்த தானப் பெட்டியில் போட்டாள். ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் கால் தரையில் படவில்லை.

திங்கள் காலை, ஒரே ஆளின் ரத்தம் இருந்த இரண்டு குழாய்களில் விவரம் எழுதிக்கொண்டிருந்தவளுக்குக் கை அப்படியே நின்றது. இரண்டிலும் ஒரே விவரத்தை எழுதாமல் பேனாவை மூடக் கூடாது. ஆறு வருஷப் பழக்கம். சனிக்கிழமையும் இரண்டு புத்தகத்திலும் எழுதிவிட்டு அப்படித்தான் மூடினாள்.

கடைக்குப் போன் போட்டாள். "அக்கா, அந்தப் பெட்டி?"

"உங்க ஆஸ்பத்திரிக்குத்தாம்மா. எலும்பு வார்டு. இப்பதான் இறக்கிட்டு வந்தாங்க."

கையுறையைக் கூடக் கழற்றாமல் ஓடினாள். வார்டில், காலைத் தூக்கிக் கட்டியிருந்தவர் மார்பில் புத்தகம் விரிந்து கிடந்தது.

"வாம்மா, நாலாவது மாடி."

"எப்படித் தெரியும்?"

"ஓடி வந்த லட்சணத்தைப் பாத்தாலே தெரியுதே."

பக்கத்துக் கட்டில் கைக்கட்டுக்காரர் சொன்னார், "மூணு தடவை சத்தமாப் படிச்சோம். கடைசிக் கட்டில்காரருக்குக் காது மந்தம், அவருக்காக நாலாவது தடவை."

"அண்ணே, அதைக் குடுத்திடுங்க. அவர்கிட்ட நானேதான் சொல்லணும்."

"தானம் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறியா? சரி, பத்து மணிக்கு என் காலைப் படம் எடுக்க வர்றாரு. நீயே சொல்லு. நாங்க மூச்சு விடமாட்டோம்."

வெளியே சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். எட்டுக் கட்டிலும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டன.

அவர் சுற்றிலும் பார்த்தார். "என்ன, எல்லாருக்கும் மயக்க ஊசி போட்டாச்சா?"

அவள் மெஷினுக்கு முன்னால் போய் நின்றாள். "நாலாவது மாடின்னு சொன்னேனே, அது பதில் இல்லை."

"அப்ப எது பதில்?"

தூங்கிக்கொண்டிருந்த கால்கட்டுக்காரர் புத்தகத்தை மட்டும் நீட்டினார். எக்ஸ்ரேக்காரர் ஒரு முறை படித்தார். பிறகு மறுபடியும் படித்தார். காது நுனி சிவந்தது.

"ஒரே ஒரு ரிசல்ட்டை வெச்சு முடிவு சொல்லக் கூடாதுன்னு உங்க லேப்ல சொல்வீங்களே."

"ரெண்டாவது மேலே என் பையில இருக்கு" என்றாள். "ரெண்டும் ஒத்துப்போகுது."

"பாத்துட்டு வந்திடலாம்" என்று மெஷினை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.

"அப்ப என் காலு?" என்றது தூக்கம்.

லிஃப்ட் கதவு மூடியது. பொத்தானை அழுத்த இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. வெளியிலிருந்து யாரோ அழுத்த, கதவு மறுபடி திறந்தது. கைக்கட்டுக்காரரும் நடக்க முடிந்த மற்ற நாலு பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்னய்யா நடக்குது, படுத்திருக்கிறவனுக்கும் யாராவது சொல்லுங்க" என்று வார்டுக்குள்ளேயிருந்து ஒரு குரல் கெஞ்சியது.