கறுக்காத பட்டை

அந்தப் பல் மருத்துவமனையில் அவளை எல்லோரும் ஆவி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பேய்க்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பல் பிடுங்கும் குறடு, காரை சுரண்டும் கம்பி, வாய்க்கண்ணாடி என்று எல்லாவற்றையும் கழுவி, உறையிலிட்டு, கிருமி சாக நீராவியில் வேகவைக்கும் பெட்டி பன்னிரண்டு வருடமாக அவள் பொறுப்பில் இருந்தது. பெட்டி இருந்த பின்னறை இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும் அளவுதான். அங்கே அவள் வைத்ததுதான் சட்டம்.

ஒரு திங்கட்கிழமை காலை, அந்தச் சட்டத்தை டாக்டரே மீறினார். நாற்காலியில் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் கடைவாய்ப்பல் வலியில் துடித்துக்கொண்டிருந்தார். அக்கா கழிவறைக்குப் போயிருந்தாள். வேகவைத்து முடித்த பெட்டி கதவு திறந்து ஆறிக்கொண்டிருந்தது. டாக்டர் கைக்கு எட்டிய உறையை எடுத்துப் போய், பல்லைப் பிடுங்கியும் விட்டார்.

அக்கா திரும்பி வந்து சோதனைப் பட்டையைப் பார்த்தாள். ஆவி சரியாகப் பாய்ந்திருந்தால் அது முழுக்கக் கறுத்திருக்க வேண்டும். பாதிதான் கறுத்திருந்தது. கதவு ரப்பரில் விரலை ஓட்டினாள். ஓரிடத்தில் நகம் உள்ளே போனது. உறைகளை எண்ணினாள். பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் பத்து இருந்தன. நேராகச் சிகிச்சை அறைக் கதவைத் தட்டினாள்.

"டாக்டர், ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நல்ல கைராசிக்காரர், ஆனால் பயந்த சுபாவம்.

"நல்லாக் கழுவித்தானேக்கா வச்சிருந்தீங்க? பத்தாயிரத்துல ஒருத்தருக்குக்கூட ஒண்ணும் ஆகாது."

"அந்த ஒருத்தர் உள்ள பஞ்சைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

டாக்டர்தான் சொன்னார். ஓட்டுநர் பஞ்சைத் துப்பிவிட்டு நன்றாகவே திட்டினார். டாக்டர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று என்று ஏற்பாடானது. அந்த இரண்டாவது பரிசோதனையிலும் அவருக்கு ஒன்றுமில்லை என்று வந்த அன்று அக்கா வாய்விட்டுச் சிரித்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

ஆனால் திங்கட்கிழமை நடந்ததை அவள் அன்றே பதிவேட்டில் எழுதியிருந்தாள். யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, ரப்பரில் எங்கே விரிசல், யாரிடம் சொல்லப்பட்டது, எல்லாம் ஒரு பக்கம் நிறைய.

இரண்டாவது பரிசோதனை முடிந்த அடுத்த வாரமே ஆய்வுக் கடிதம் வந்தது. மருத்துவமனையின் பாதுகாப்பையும் சிகிச்சையின் தரத்தையும் பார்க்க ஆய்வாளர் வருகிறார். டாக்டர் கடிதத்தோடு பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, அந்தப் பக்கம்…"

"எந்தப் பக்கம்?"

"இல்ல, அவருக்குத்தான் ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சே. அது புத்தகத்துல இருந்துதான் ஆகணுமான்னு…"

"ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் போட்டிருக்கு டாக்டர். கிழிச்சா நம்பர் காட்டிக் கொடுத்துடும்." அவள் குறட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அதுக்கு முன்னாடி நான் காட்டிக் கொடுத்துடுவேன்."

டாக்டர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்காவுக்கு அன்று இரவு தூக்கமும் கெடவில்லை. மடியில் கனமில்லாதவள் மாதிரி குறட்டை விட்டுத் தூங்கினாள் என்று அவள் கணவன் மறுநாள் சொன்னான்.

ஆய்வாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. சத்தம் வராத காலணி, முதுகில் ஒரு பை. வந்தவுடன் கோப்புகளைக் கேட்கவில்லை. வரவேற்பறையில் நோயாளி மாதிரி அரைமணி நேரம் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்தார். அவசர மருந்துப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தேதியாகப் படித்தார். ஆக்ஸிஜன் உருளை நிரம்பியிருந்தது. குழந்தைகளுக்கான முகமூடி மட்டும் ரப்பர் இறுகிக் கிடந்தது. குறித்துக்கொண்டார். அப்புறம் பின்னறைக்கு வந்தார்.

"ஒரு குறடு வாயிலேருந்து வெளிய வந்து மறுபடி வாய்க்குப் போற வரைக்கும் எனக்குக் காட்டுங்க."

அக்கா காட்டினாள். அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம், கழுவுதல், விளக்குக்கடியில் உருப்பெருக்கியில் பார்த்தல், உறை, பெட்டி, பட்டை. கைகள் தன்பாட்டுக்கு வேலை செய்தன. கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது. தெரியாத ஒன்றுக்கு, "அது தெரியாதுங்க, கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

"எப்பவாவது ஏதாவது தப்பாப் போயிருக்கா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் வாசல் பக்கமிருந்து குரல் வந்தது.

"போயிருக்குங்க மேடம். தப்புப் பண்ணது நான்."

டாக்டர் நெற்றி வியர்த்திருந்தது. ஆனால் நின்ற இடத்திலிருந்து அசையாமல் எல்லாவற்றையும் சொன்னார், பக்கத்தை எடுத்துவிடலாமா என்று தான் கேட்டது உட்பட. அதை மறைத்திருந்தால் அக்காவைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. அக்காவுக்கு முதல்முறையாக அவர்மேல் ஒரு பெருமிதம் வந்தது.

ஆய்வாளர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு ஓட்டுநரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். தகர டப்பாவில் பட்டாணி உருட்டுவது மாதிரி ஓட்டுநரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"திட்டினேங்க. திட்டாம இருப்பாங்களா? ஆனா என் மூஞ்சிக்கு நேரா வந்து சொன்னாங்க. போன மாசம் என் மாமியாரையே அங்கதான் கூட்டிட்டுப் போனேன்."

"மாமியாரையா?"

"பிடிச்ச மாமியார்தாங்க."

ஆய்வாளர் முதல்முறை சிரித்தார். "வருஷம் முழுக்க ஒரு குறையும் இல்லன்னு எழுதியிருக்கிற புத்தகத்தைப் பார்த்தாத்தான் எனக்குச் சந்தேகமே வரும்" என்றார். அந்தத் தவறுக்கப்புறம் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். அக்கா புதிதாகப் போட்ட கதவு ரப்பரையும் பெட்டிக்கு மேலே இருந்த சிவப்புத் தட்டையும் காட்டினாள். பட்டையைப் பார்த்துத் தான் கையெழுத்துப் போடும்வரை அந்தத் தட்டிலிருந்து எதையும் யாரும் தொடக்கூடாது.

"நல்லது. நீங்க லீவு போட்டா யார் கையெழுத்துப் போடுவாங்க?"

"நான் லீவு போடறதில்லைங்க."

"காய்ச்சல் வந்தா?"

பன்னிரண்டு வருடத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. காய்ச்சலோடும் வந்திருக்கிறாள் என்பது பெருமை இல்லை, குறை என்று அப்போதுதான் உறைத்தது. முகம் சுருங்கியது. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. சிகிச்சையின் தரம் நன்று, பாதுகாப்பு நன்று. சரிசெய்ய வேண்டியவை இரண்டு: குழந்தைகளுக்கான முகமூடி, இன்னொருவருக்குப் பெட்டியில் முழுப் பயிற்சி.

அக்கா இரண்டு நாள் உம்மென்று இருந்தாள். மூன்றாம் நாள் வரவேற்பறையில் சீட்டு எழுதும் பெண்ணைக் கூப்பிட்டு, "கையைக் கழுவிட்டு வா" என்றாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான அவள் வாயாடி. ஆனால் கண் கூர்மை. ஆறு வாரம் அக்கா அவளை வறுத்தெடுத்தாள். வேண்டுமென்றே பாதி கறுத்த பட்டையை வைத்துப் பார்த்தாள். அவள் ஏமாறவில்லை.

ஏழாவது வாரம் ஆவி அக்கா விடுப்பு எடுத்தாள்.

"என்னைக் கட்டினதுக்கு அந்தப் பெட்டியையே கட்டியிருக்கலாம் நீ" என்று அடிக்கடி சொல்லும் கணவனுக்கு நம்பிக்கை வரவில்லை. பத்து மணிவரை அவள் கைப்பேசியைத் தொடவில்லை. பத்து ஐந்துக்குத் தொட்டு, தான் பழக்கியவளைக் கூப்பிட்டாள்.

"பட்டை?"

"முழுக் கறுப்பு அக்கா. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"டாக்டர்?"

"தட்டுக்கிட்ட கையைக் கொண்டு வந்தார். பட்டுனு ஒண்ணு போட்டேன் கையில. 'சாரி'ன்னுட்டுப் போயிட்டார்."

அக்கா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கணவன் நீட்டிய காப்பியை வாங்கி, ஜன்னலோர நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.