கேபிள்காரனின் தங்கை

ஒன்றாம் தேதி காலையில் தையல்காரி, சீருடைப் பாவாடையின் மடிப்பை மூன்று தடவை தப்பாக வைத்துப் பிரித்தாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் தன் கை பிசகாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவள்தான். அடக்கம் என்ற சாமானை அவள் என்றைக்கும் வீட்டுக்குள் விட்டதில்லை. ஆனால் பத்து மணிக்கு அண்ணன் கேபிள் பணம் வாங்க வருவான். அவனிடம், இந்த மாதத்தோடு கேபிள் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும்.

யோசனை அவளுடையதுதான். மகளின் கல்லூரிப் பாடத்துக்காக இன்டர்நெட் ஏற்கெனவே வீட்டுக்கு வந்தாகிவிட்டது. அதற்கு மேல் ஒரே ஒரு ஓடிடிக்குச் சந்தா கட்டினால், கேபிளுக்குக் கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஒரு வாரம் நோட்டு போட்டு, வீட்டில் யார் எந்தச் சேனலைப் பார்க்கிறார்கள் என்று எழுதிப் பார்த்தாள். இருநூற்றுச் சொச்சம் சேனலில் அந்த வீடு பார்த்தது நாலே நாலு. "ரெண்டு செருப்பு வாங்கறதுக்குச் செருப்புக் கடையவே வாடகைக்கு எடுத்த கதையா இருக்குடி" என்று மகளிடம் சொன்னாள். மிச்சமாகிற பணம் ஓவர்லாக் மெஷின் தவணைக்கு. துணி ஓரத்தைப் பிசிறு இல்லாமல் அடிக்கிற அந்த மெஷின் இல்லாததால், வாராவாரம் மூட்டையைக் கட்டிக்கொண்டு பக்கத்துத் தெருக் கடைக்குப் போய், அந்த ஆள் எப்போது நிமிர்ந்து பார்ப்பான் என்று காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. லாரி ஓட்டும் கணவன் போனிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ பாத்து முடிவு பண்ணிட்டா அப்புறம் நான் என்னத்தச் சொல்ல" என்றான். அந்த நிமிஷம்வரை அவளுக்கு ஒரே பெருமை.

பிறகுதான் யாரிடம் போய் இதைச் சொல்வது என்ற யோசனை வந்தது. ஏனென்றால் அந்த வட்டாரத்துக்கே கேபிள் கொடுக்கிறவன் அவள் கூடப்பிறந்த அண்ணன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் வீட்டை விற்றபோது அண்ணி ஒரு வார்த்தை விட்டுவிட்டாள், 'பங்கு கேட்டு வந்துட்டா' என்று. இவள் வாயைத் திறந்து ஒரு காசு கேட்டிருந்தால்தானே! அவர்கள் நீட்டிய பத்திரத்தில் அங்கேயே கையெழுத்தைப் போட்டு எறிந்துவிட்டு, "இனி உங்க வீட்டு வாசப்படிய மிதிச்சேன்னா என்னன்னு கேளுங்க" என்று கிளம்பி வந்தவள்தான். அண்ணி வேற்று வீட்டிலிருந்து வந்தவள், போகட்டும். பக்கத்தில் நின்ற அண்ணன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை.

ஆனால் ஒன்றாம் தேதி தவறாமல் அண்ணன் வந்துவிடுவான். வசூலுக்கு இரண்டு ஆள் வைத்திருக்கிறான், எழுநூறு வீட்டுக்கும் அவர்கள்தான் போவார்கள். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் முதலாளியே வருவார். முதல் மாதம் பணம் வேண்டாம் என்று இழுத்தான். "ஓசியில பாக்கற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப் போகல. வாங்கலன்னா வயரை வெட்டிட்டுப் போ" என்றாள். அன்றிலிருந்து அவள் கொடுப்பாள், அவன் ரசீது கிழிப்பான். கால் மணி நேரம் உட்கார்ந்து டீ குடிப்பான், மருமகள் படிப்பை விசாரிப்பான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவர்கள் சதை மாதத்துக்குக் கால் மணி நேரம் ஆடியது. வீம்பிலும் அவன் அவளுக்கு அண்ணன்தான். கேபிள் என்ற சாக்கு மட்டும் இல்லையென்றால் அவன் எந்த முகத்தோடு இந்தப் படி ஏறுவான்?

அன்றைக்கு அவன் டீயை ஒரு வாய் குடிக்கும்வரை பொறுத்தாள். "அண்ணா, இந்த மாசத்தோட கேபிள் போதும்."

"ஏன் பாப்பா, படம் சரியா வரலியா?" நாற்பத்திரண்டு வயதிலும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

"அதெல்லாம் நல்லாத்தான் வருது. நெட்லயே பாத்துக்கலாம்னு..." என்று தயங்கி ஆரம்பித்தவள், நோட்டு போட்டதைச் சொன்னாள், நாலு சேனலைச் சொன்னாள், ஓவர்லாக்கைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரலில் பெருமை ஏறிக்கொண்டே போனது. யாரிடம் போய் என்ன பேசிக்கொண்டிருக்கிறோம் என்று பாதியில் உறைத்தும் அவளால் நிறுத்த முடியவில்லை. அவன் ஒன்றுவிடாமல் கேட்டுவிட்டு, "சரிதான்" என்றான். எழுந்து செட்டாப் பாக்ஸைத் தன் கையாலேயே கழற்றினான்.

"எங்க, உன் நெட்டப் போடு பாப்போம்."

போட்டாள். படம் வரவில்லை, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. இவ்வளவு நேரம் அளந்ததற்கு மானம் போயிற்று. அவன் சிரிக்கவில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சொருகி வைத்திருந்த ரவுட்டரை எட்டிப் பார்த்தான். "இரும்பு பீரோவுக்குப் பின்னால வச்சா எப்படி வரும்?" என்று சுவரில் ஆணி அடித்து, உயரத்தில் மாட்டி, வயரை வளையாமல் இழுத்துவிட்டான். படம் கண்ணாடி மாதிரி வந்தது. கேபிள்காரனே வந்து கேபிளைக் கழற்றிவிட்டு, நெட்டையும் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிற கூத்தை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? தங்கை கேட்டால் அவனுக்குத் தொழிலாவது ஒன்றாவது.

கேபிள் வயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினான். எப்போதும் 'வரேன் பாப்பா' என்று சொல்கிறவன், அன்றைக்கு வெறுமனே தலையை ஆட்டினான். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தவள், அவன் 'வரேன்' சொல்லாமல் போனதைக் கவனிக்கவில்லை.

மாதக் கடைசியில் ஓவர்லாக் மெஷின் வந்தது. முதல் பாவாடையின் ஓரத்தை அடித்து விரலால் தடவிப் பார்த்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சொந்தச் சம்பாத்தியத்தில், சொந்தப் புத்தியில் வாங்கியது! பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டினாள், கணவனுக்கு வீடியோ எடுத்து அனுப்பினாள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனாலும் அவளுக்கு நெஞ்சு நிறையவில்லை.

மறுநாள் ஒன்றாம் தேதி. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கால் தையல் மெஷின் மிதியில் அப்படியே நின்றது.

"மாமா இனி எதுக்கும்மா வருவாரு?" என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு மணிக்குத் தலையை வாரிக்கொண்டு கிளம்பினாள். வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்றுதானே சொன்னோம், அவன் கேபிள் ஆபீசைப் பற்றி யார் பேசியது என்று வழியெல்லாம் தன்னோடு வழக்காடிக்கொண்டு போனாள்.

மாடியில் ஒற்றை அறை. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அண்ணனுக்கு எதிரில், கையில் செட்டாப் பாக்ஸோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கனெக்‌ஷனை நிறுத்த வந்தவர் போல. முகத்தில் சங்கடம்.

"இதுல என்ன சார் தப்பு?" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். "என் தங்கச்சியே நிறுத்திட்டா. ஒரு வாரம் நோட்டு போட்டு எழுதிருக்கா சார், எந்தச் சேனலை யாரு பாக்கறாங்கன்னு! எனக்கே இருபது வருஷமா தோணல. மிச்சம் பிடிச்ச காசுல மெஷின் வாங்கறா. சின்ன வயசுலேர்ந்தே அவ அப்படித்தான். ஒண்ணு நினைச்சா முடிக்காம விடமாட்டா."

ஒரு வாடிக்கையாளர் கையை விட்டுப் போகிறார், இவன் பெருமையடித்துக்கொண்டு இருக்கிறான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவர் பாக்ஸை மேசையில் வைத்துவிட்டு, கதவோரம் நின்றவளைத் தாண்டி இறங்கிப் போனார். அப்போதுதான் அண்ணன் நிமிர்ந்தான். சட்டென்று எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"என்ன பாப்பா? நெட் வரலியா?"

"வருது."

"பின்ன?"

"மெஷின் வந்திருச்சு." அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். "நீ வந்து பாக்கல."

சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டிவிகள், எந்தச் சேனல் எப்படி வருகிறது என்று பார்க்க வைத்திருந்தவை, பன்னிரண்டும் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தன. விழுந்த நாற்காலியை நிமிர்த்தி, தன் கைக்குட்டையாலேயே துடைத்து அவள் பக்கம் நகர்த்தினான். "உக்காரு. எத்தன நூல் கோக்கற மெஷினு? சொல்லு" என்று கேட்டுவிட்டுத் திரும்பி, பன்னிரண்டு டிவிகளின் சத்தத்தையும் ஒவ்வொன்றாகக் குறைக்க ஆரம்பித்தான்.