முப்பத்தெட்டுப் பேர் ஏறிய பக்கம்

படத்தை முதலில் பார்த்தவன் கொக்கு. கழுத்து நீளம் என்பதால் அந்தப் பெயர். சிமெண்ட் கிடங்கில் மூட்டை இறக்கும் முப்பத்தெட்டுப் பேரில் சதா ஃபோனை நோண்டுகிறவன் அவன்தான். மேஸ்திரியிடம் நீட்டினான்.

"அண்ணே, இது நம்ம பாப்பாதானே?"

மேஸ்திரியின் மகள்தான். பட்டம் வாங்கியபோது எடுத்த படம். கீழே பெயர், படிப்பு, வீட்டுத் தெரு. மேலே, 'இவர்களுக்கு வேலை கொடுக்காதீர்கள்' என்று கொட்டை எழுத்து. யார் நடத்தும் இணையப் பக்கம் என்று எங்கும் இல்லை. கல்லூரி விடுதியில் கக்கூஸ் கழுவியவர்களை வேலையை விட்டு நிறுத்தியபோது அதை எதிர்த்து வாசலில் மூன்று நாள் உட்கார்ந்த, அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

சாயங்காலம் மகளிடம் கேட்டார். அவளுக்கு ஒரு மாதமாகவே தெரியுமாம். அவள் பெயரைப் போட்டுத் தேடினால் எட்டாவதாகத்தான் வரும், அவ்வளவு தூரம் யாரும் போக மாட்டார்கள் என்றாள். வியாழக்கிழமை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு நேர்காணல். மன்னிப்பு எழுதி, கூட இருந்தவர்களைத் திட்டி அனுப்பினால் பெயரை எடுத்துவிடுவார்களாம். எழுதித் தொலையேன் என்றாள் அம்மா. மகள் எழுதித்தான் வைத்திருந்தாள். அனுப்பக் கை வரவில்லை.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனால் ஆகாத பாரம் வந்தால் 'தோளு' என்று குரல் கொடுப்பான். கேட்டவன் கையில் இருப்பதை இறக்கிவிட்டு வர வேண்டும். என்ன ஏது என்று விசாரிக்கக் கூடாது. இருபத்தாறு வருஷத்தில், மூட்டை எதுவும் இல்லாமல் மேஸ்திரி அந்தக் குரலைக் கொடுத்தது மறுநாள்தான்.

யோசனை கொக்குவுடையது. பத்து டன் வண்டியில் பதினெட்டு டன் ஏற்றினால் அச்சு முறிகிறது. இந்தப் பக்கம் மட்டும் தாங்குமா? எல்லாரும் ஒன்றாக ஃபோனில் அதைத் திறந்து ஏறினால் படுத்துவிடும் என்றான். டீ நேரம், சோற்று நேரம், லாரி தாமதமான நேரம் எல்லாம் ஏறினார்கள். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளையும் ஏறச் சொன்னார்கள். கீழே எழுத இடம் இருப்பதை ஒருவன் கண்டுபிடித்ததும் வசவு தொடங்கியது. பாப்பா படிக்கும், கெட்ட வார்த்தை வேண்டாம் என்றார் மேஸ்திரி. அதனால் அவளைப் பற்றித் தெரிந்ததை எழுதினார்கள்.

புதன்கிழமை மத்தியானம் மகள் கிடங்குக்கே வந்து நின்றாள்.

"அப்பா, எட்டாவதா கெடந்தது இப்ப முதல்ல வந்து நிக்குது. என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

கொக்கு நைசாக லாரிக்குப் பின்னால் நழுவினான். மேஸ்திரி விஷயத்தைச் சொன்னார். அச்சு முறியவே முறியாதா என்று கேட்டார்.

"ஏற ஏறத்தாம்பா அது மேல வரும்."

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்த இடமெல்லாம் சிமெண்ட் அப்பியது. "அந்த மன்னிப்ப அனுப்பிரும்மா. நான் கெடுத்தது."

அவள் மூட்டை மேல் உட்கார்ந்து, ஃபோனில் தன் படத்துக்குக் கீழே அவர்கள் எழுதியிருந்ததை முதல் தடவையாகப் படித்தாள். 'எனக்கு ஆஸ்பத்திரி ஃபாரம் பூரா எழுதிக் குடுத்த புள்ள. ஒரு டீகூட வாங்கிக்கல.' 'சின்னதுல மூட்ட மேலயே தூங்கும். அதுக்காகவே மெதுவா இறக்குவோம்.' 'என் பேரையும் சேத்துக்க. நானும் வாசல்ல உக்காந்திருப்பேன், அன்னிக்கு லோடு இருந்துச்சு.'

சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். எழுதி வைத்திருந்த மன்னிப்பை அங்கேயே அழித்தாள்.

நேர்காணலில் அதிகாரியம்மா கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"கொக்குங்கறது யாரு? இருபத்தொரு தடவ எழுதியிருக்காரு."

"சித்தப்பா மாதிரி, மேடம். அப்பாகூட மூட்ட எறக்கறாரு."

வாசலில் உட்கார்ந்தது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றாள். அதன் பிறகு முக்கால் மணி நேரம் தண்ணீரைப் பற்றியே பேச்சு. நிரந்தரம் கிடையாது, மூன்று மாதம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை மேஸ்திரி டீ வாங்கிக் கொடுத்து, இனி யாரும் ஏற வேண்டாம் என்றார். கொக்குவுக்கு மனசு ஆறவில்லை.

"மிச்சம் பதினோரு புள்ளைங்க கெடக்குதேண்ணே."

"அதுங்கள நமக்கு என்னடா தெரியும், எழுதறதுக்கு?"

"பாப்பாவ ஒரு நாள் எல்லாத்தையும் இங்க கூட்டிட்டு வரச் சொல்லுங்க. தெரிஞ்சுக்குவோம்."