மூன்று முள்ளுக்கு ஒரே ஓட்டை

விமானம் நின்ற கையோடு கீழே குதித்த ஸ்ரீவத்ஸன், எஞ்சினியர் மகேஸ்வரனின் சட்டையைத்தான் பிடிக்கவில்லை. மற்றபடி எல்லாம் செய்தார்.

“கொல்லப் பாத்தேர் ஓய்! பாபநாசம் மலைக்கு நேரா மேகத்துல மாட்டிண்டேன். உயரம் காட்டற முள் தரையில காட்டின முந்நூறு அடியிலேயே நிக்கறது. வேகம், ஏத்த எறக்கம் காட்டற முள்ளும் தப்பு. எல்லாம் நன்னாயிருக்குன்னு நேத்து கையெழுத்துப் போட்டது யார்? நீர்தானே?”

பின்னால் மில் முதலாளி குற்றாலலிங்கம் இறங்கினார். நாங்குநேரிப் பக்கத்துப் பொட்டலில் சொந்தமாக ஓடுதளம் போட்டு, செஸ்னா விமானம் ஒன்றும் வாங்கி விட்டிருந்தவர், இன்று மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார்.

ஸ்ரீவத்ஸன் விமானப்படையில் ஓட்டி ஓய்வு பெற்றவர். வந்த நாள் முதல் அவருக்கும் மகேஸ்வரனுக்கும் ஏழாம் பொருத்தம்.

“சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லணும். இல்லேன்னா மெட்ராஸ் விமான ஆபீஸுக்கு லெட்டர் போறது. உம்ம லைசென்ஸ் அதோட சரி.”

லைசென்ஸ் போனால் மகேஸ்வரனுக்குப் பிழைப்பே போச்சு. நாற்பத்தாறு வயதில் வேறு வேலைக்கு யாரும் சீந்த மாட்டார்கள். விமானத்தின் கருவிப் பலகையைக் கழற்றினார்.

உயரம், ஏற்ற இறக்கம், வேகம் காட்டும் மூன்று கருவிகளும் சேர்ந்தே பொய் சொல்லியிருந்தன. மூன்றும் ஒரே நாளில் கெட்டுப்போக வழியில்லை. மூன்றுக்கும் பொதுவாக வெளிக்காற்று வருவது ஒரு குழாயில்தான்.

“அதுல ஊதிப் பாருமே ஓய்.”

“மீட்டர மாட்டிவச்சு ஊதுனா மூணும் செத்துரும். ஓட்டுறவருக்கு இது தெரிய வேண்டாமா, கேப்டன்?”

கருவிகளை விடுவித்துவிட்டு ஊதினார். காற்று போகவில்லை. குழாய் வெளியே முடிவது இடப்பக்கம், கதவுக்கு முன்னால். நாலணா அகலத் தகட்டின் நடுவே ஒரு சின்ன ஓட்டை. போய்ப் பார்த்தால் தகட்டையே காணோம். முந்தின நாள் ஆயுத பூஜைக்கு ஸ்ரீவத்ஸன் சாத்திய நாமம் அதன்மேல் காய்ந்து கிடந்தது.

மகேஸ்வரனுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

“அண்ணாச்சி, இங்கன வாங்க! நம்ம எல்லாருக்கும் சேத்து கேப்டன் நாமம் போட்டிருக்காரு, பாருங்க!”

ஸ்ரீவத்ஸனின் முகம் செத்துப்போயிற்று. முதலாளி பார்த்திருக்க, மகேஸ்வரன் ஈரத்துணியால் துடைத்தார். திருமண் பொருக்காக உதிர்ந்தது. ஓட்டை மட்டும் திறக்கவில்லை. பல் குத்தும் குச்சியை விட்டுப் பைய நெம்பினார். நுனியில் மஞ்சளாக வந்தது.

பூஜையன்று காலையில் மூக்கிலிருந்து வால்வரை சந்தனப் பொட்டு வைத்தது அவர்தான். பொட்டுக்கென்றே செய்ததுபோல் வட்டமாக இருந்த தகட்டில் கட்டைவிரல் தானாகப் போய் அழுத்தியிருக்கிறது. விமானத்தைக் கழுவும்போதெல்லாம் அந்த ஓட்டையை நாடா ஒட்டிக் காப்பாற்றுகிறவர் அவர். குச்சியைக் கால்சட்டையில் துடைத்துவிடப் போனார்.

ஸ்ரீவத்ஸன் மணிக்கட்டைப் பிடித்து மோந்து பார்த்தார். “சந்தனம்! உம்ம பொட்டு ஓய். அது கண்ணுல படப்படாதுன்னுதான் மேல நாமத்தைச் சாத்தினேன்.”

“என் கைதான். எழுதுங்க,” என்றார் மகேஸ்வரன், வெறி பிடித்தவராக. “ஏறுறதுக்கு முன்ன சுத்திவந்து இந்த ஓட்டையப் பாக்கவேண்டியது ஓட்டுறவரு. நீங்க பாத்தியளா? அதையும் சேத்து எழுதுங்க.”

“பாத்தேனே. நாமம் அழியலைன்னு…” ஸ்ரீவத்ஸன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குற்றாலலிங்கம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “லெட்டரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நாளைக்குக் காலைல நீங்க ரெண்டு பேரும் ஏறி அதே மலைக்குப் போயிட்டு வாங்க. உசுரோட வந்தா வேலை இருக்கும். நான் இங்கனயே நிக்கேன்.”

மறுநாள் ஓட்டையை மகேஸ்வரன் பார்த்தார். அவரை நம்பாமல் ஸ்ரீவத்ஸன் பார்த்தார். அவர் பார்த்ததை நம்பாமல் மகேஸ்வரன் மறுபடி இறங்கிப் போய்ப் பார்த்தார். பிறகு தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து கிளம்பினார்கள்.

முள் ஏறத் தொடங்கியதும் மகேஸ்வரன் உரக்கப் படித்தார். “நானூறு. ஐநூறு.”

“எனக்கும் கண் இருக்கு ஓய்.”

“அதத்தான் நேத்துப் பாத்தோம்லா,” என்றுவிட்டு மகேஸ்வரன் அடுத்த நூறைப் படித்தார்.